மொட்டை மாடியில் ‘ஹெச்’ போட்டிருந்தால் ஹெலிகாப்டர் வந்து காப்பாற்றுமா?

கேள்வி இதுதான்: சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் 38 மாடி அடுக்ககம் ஒன்றில் 31-வது மாடியில் வீடு பதிவு செய்திருக்கிறீர்கள். விளம்பரத்தில் ‘அவசரகால ஹெலிபேட்’, அதாவது ஹெலிகாப்டர் இறங்கும் தளம், என்று போட்டிருக்கிறார்கள். தீ பிடித்தால் மேலே ஓடினால் போதுமா, ஹெலிகாப்டர் வந்து ஏற்றிக்கொள்ளுமா, சட்டப்படி இது கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், படி இறங்க முடியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். கட்டடங்களில் தீப்பாதுகாப்புத் தணிக்கை செய்வது என் தொழில்.

முதலில் நேரடிப் பதில். தீ பிடித்தால் மேலே ஓடாதீர்கள். கீழே இறங்குங்கள். இறங்க முடியாதவர்களுக்குக் கட்டடத்துக்குள்ளேயே தனி ஏற்பாடு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஹெலிபேட் இருப்பது நல்லதுதான், ஆனால் அதை நம்பி அம்மாவை மொட்டை மாடிக்கு அழைத்துப் போகும் முடிவை எடுக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் இதற்கு அடிப்படை தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதன் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் 60 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களுக்கு ஹெலிபேட் வசதி செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. 60 மீட்டர் என்பது ஏறக்குறைய 20 மாடி. 2016 பதிப்பில் அந்த உயரத்தை 200 மீட்டருக்குத் தூக்கிவிட்டார்கள். உங்கள் கட்டடம் 38 மாடி என்றால் சுமார் 115, 120 மீட்டர் வரும். சென்னையில் பெரம்பூரிலும் ஏகாட்டூரிலும் 40 மாடிக்கு மேல் எழுந்துவிட்டன, ஆனாலும் 200 மீட்டரைத் தாண்டிய கட்டடம் இங்கே இல்லை. ஆக, இப்போதைய தேசிய விதித்தொகுப்பின்படி உங்கள் கட்டடத்துக்கு ஹெலிபேட் கட்டாயம் இல்லை. பில்டர் தானாகக் கொடுக்கும் வசதி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினாலே அது உயரமான கட்டடம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) திட்ட அனுமதிக்குப் போகும்போது தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம், விமானப்படை என்று வரிசையாகத் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டியிருக்கும். கடைசி இரண்டும் மீனம்பாக்கமும் தாம்பரமும் பக்கத்தில் இருப்பதால் வருபவை. கட்டடம் எவ்வளவு உயரம் போகலாம் என்பதைப் பார்த்துக் கொடுக்கும் சான்று அது. அதை வைத்துக்கொண்டு “விமானப்படை என்.ஓ.சி. இருக்கிறது, ஹெலிகாப்டர் இறங்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹெலிகாப்டர் வந்துபோகும் தளமாகப் பயன்படுத்த சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

சரி, மாடியில் வட்டம் போட்டு நடுவே ‘ஹெச்’ எழுதினால் அது ஹெலிபேட் ஆகிவிடுமா? ஆகாது. எந்த ஹெலிகாப்டருக்காகக் கட்டியது என்பதில்தான் எல்லாமே ஆரம்பிக்கிறது. விசிறி சுழலும்போது முன்முனையிலிருந்து வால்முனை வரை மொத்த நீளம் எவ்வளவோ, அதை ‘டி’ மதிப்பு என்பார்கள். தளத்தின் அளவு, சுற்றி விட வேண்டிய இடம் எல்லாம் அதை வைத்துத்தான். சேத்தக் மாதிரிச் சின்ன ஹெலிகாப்டருக்கு அது 13 மீட்டருக்குள், துருவ் என்றால் கிட்டத்தட்ட 16 மீட்டர், எம்.ஐ.-17 என்றால் 25 மீட்டருக்கு மேல். எடையும் அப்படித்தான். சேத்தக் முழு எடையில் 2.2 டன், துருவ் 5.5 டன், எம்.ஐ.-17 13 டன். அதுவும் மெதுவாக வைக்கும் எடையை மட்டும் கணக்கிட்டால் போதாது. எஞ்சின் கோளாறில் தடாலென்று இறங்கினால் என்ன ஆகும் என்று பார்த்து, முழு எடையைப் போல இரண்டரை மடங்கைத் தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். சாதாரண மொட்டை மாடி ஸ்லாபை மனிதர்கள் நடமாடவும் தளவோடு, வெயிலையும் மழையையும் தடுக்கும் வெதரிங் கோர்ஸ் அடுக்கு ஆகியவற்றின் எடை தாங்கவும்தான் போடுகிறோம். அதில் பெயின்ட் மட்டும் அடித்தால் வேலைக்காகாது.

2018 கேரள வெள்ளத்தில் சாலக்குடிப் பக்கம் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர் ஒரு வீட்டு மாடியில் இறங்கி 26 பேரை ஏற்றிக்கொண்டு போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வீடியோவில் பார்த்தால் இறங்கி நிற்பது போலத்தான் தெரியும். உண்மையில் விமானி எடையைத் தளத்தின் மேல் வைக்கவே இல்லை. சக்கரங்கள் தொட்டும் தொடாமலும் இருக்க, விசிறியின் தூக்குவிசையிலேயே இயந்திரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தார். முழு எடையை விட்டிருந்தால் கூரை உள்ளே போயிருக்கும். அந்தத் திறமையை வணங்க வேண்டும். ஆனால் அது திறந்த வெளியில், புகை இல்லாத வானத்தில், தாழ்வான வீட்டில் நடந்தது. தீப்பிடித்த 38 மாடிக் கட்டடத்தின் உச்சியில் அதையே எதிர்பார்க்க முடியாது.

உருப்படியான ஹெலிபேடில் இன்னும் சில விஷயங்கள் கண்ணுக்கே தெரியும். தளத்தை மொட்டை மாடியோடு ஒட்டாமல் தூண் மேல் உயர்த்திக் கட்டியிருப்பார்கள், கீழே காற்று புகுந்து போக இடம் இருக்கும். ஓரத்தில் கைப்பிடிச்சுவர் இருக்காது, இருந்தால் வால் இடிக்கும். அதற்குப் பதில் ஆள் விழுந்தால் பிடித்துக்கொள்ளும் வலை, ஒன்றரை மீட்டர் அகலத்தில் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை ஒன்று, விளிம்பில் பச்சை விளக்குகள், நுரை அடிக்கும் தீயணைப்புக் கருவி, எரிபொருள் கொட்டினால் படிக்கட்டுப் பக்கம் ஓடாமல் வடிய வாட்டம், இறங்கிப் போக ஒன்றுக்கு இரண்டு வழி. தளத்தில் ‘ஹெச்’ எழுத்தோடு இரண்டு எண்களையும் தேடுங்கள்: ஒன்று ‘டி’ மதிப்பு மீட்டரில், இன்னொன்று தாங்கும் எடை டன்னில். மேலே வரும் விமானிக்கு அந்த இரண்டு எண்தான் பேச்சு. அவை இல்லாத ‘ஹெச்’சைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் மேலே ஓடுவதா கீழே இறங்குவதா என்ற கேள்விக்குப் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் இரண்டே ஆண்டில் இரண்டு எதிரெதிர் பதிலைப் பார்த்துவிட்டது.

1972 பிப்ரவரி 24, ஆண்ட்ராஸ் கட்டடம். தீ பிடித்ததும் நூற்றுக்கணக்கானோர் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். அங்கே ஹெலிபேட் இருந்தது. ஹெலிகாப்டர்கள் மாறி மாறி வந்து 300-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போயின. இறந்தவர்கள் 16 பேர். அந்தக் காட்சி ஊர் முழுக்கப் பேச்சானது. மாடிக்குப் போனால் பிழைக்கலாம் என்று எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது.

1974 பிப்ரவரி 1, அதே ஊர், ஜோயல்மா கட்டடம், 25 மாடி. ஒரு ஏசியில் மின்கசிவு. கீழே இறங்க ஒரே ஒரு படிக்கட்டு, அதில் புகை ஏறிவிட்டது. முந்தைய சம்பவத்தைப் பார்த்தவர்கள் நேரே மாடிக்கு ஓடினார்கள். ஆனால் ஜோயல்மா கூரையில் ஹெலிபேட் இல்லை. ஓடு வேய்ந்த கூரை. மேலே வந்த ஹெலிகாப்டர்களைப் புகையும் அனலும் நெருங்கவே விடவில்லை. தீ அடங்கிய பிறகுதான் இறங்க முடிந்தது. 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று பெருங்கூட்டத்தைக் காப்பாற்றியது ஹெலிகாப்டர் இல்லை, லிஃப்ட் ஆபரேட்டர்கள். லிஃப்ட் ஓடிய வரை மேலும் கீழும் போய்வந்து சுமார் 300 பேரை இறக்கினார்கள். தீயில் சாதாரண லிஃப்டைத் தொடாதீர்கள் என்று நானே எல்லாருக்கும் சொல்பவன், அந்த அறிவுரையில் மாற்றமும் இல்லை. ஆனால் தீயைத் தாங்கும்படி கட்டிய லிஃப்ட் ஒன்று இருந்தால் எவ்வளவு பேர் பிழைப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அதே 1974-இல், உயரமான கட்டடம் ஒவ்வொன்றின் உச்சியிலும் அவசர ஹெலிகாப்டர் தளம் வேண்டும் என்று சட்டம் போட்டது. அந்த நகரத்து வானுயரக் கட்டடங்கள் பெரும்பாலும் தலை வெட்டினாற்போல் தட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம். 1988 மே மாதம் அங்கே 62 மாடி வங்கிக் கட்டடம் எரிந்தபோது மாடியிலிருந்து சிலரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள், ஆகவே அந்தச் சட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டடத்தில், சூடு பட்டால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய்களைப் பெரும்பாலும் பொருத்தி முடித்திருந்தும் வால்வைத் திறந்துவிடாமல் வைத்திருந்தார்கள். அது ஓடியிருந்தால் ஹெலிகாப்டருக்கே வேலை வந்திருக்காது என்பது என் கணிப்பு. 40 ஆண்டு கழித்து, 2014-இல், லாஸ் ஏஞ்சல்ஸே அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. கூடுதல் தீப்பாதுகாப்பு ஏற்பாடு செய்தால் ஹெலிபேட் இல்லாமலும் கட்டலாம் என்றது. கூர்மையான உச்சியோடு 2017-இல் திறந்த வில்ஷயர் கிராண்ட் அப்படி வந்ததுதான்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் 1971 கிறிஸ்துமஸ் அன்று ஒரு ஹோட்டல் எரிந்து 160-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே ஹெலிகாப்டரிலிருந்து விட்ட கயிற்றைப் பிடித்துத் தொங்கியவர்களில் சிலர் பிடி நழுவி விழுந்தார்கள். இன்று அங்கே பெரிய கட்டடங்களுக்கு மாடியில் ஹெலிகாப்டர் இடம் கட்டாயம். சீனாவிலும் 100 மீட்டரைத் தாண்டிய, பெரிய பரப்புள்ள பொதுக் கட்டடங்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள். ஜப்பானியர்கள் செய்தது எனக்குப் பிடிக்கும்: இறங்கத் தகுந்த தளத்தில் ‘ஹெச்’ என்றும், இறங்க முடியாது, மேலே மிதந்தபடி கயிற்றில் தூக்கலாம் என்றிருக்கும் இடத்தில் ‘ஆர்’ என்றும் எழுதுகிறார்கள். எது எது என்று விமானிக்கும் தெரிகிறது, கட்டடத்தில் இருப்பவருக்கும் தெரிகிறது.

ஹெலிகாப்டர் ஏன் இவ்வளவு தடுமாறுகிறது என்று கேட்பீர்கள். சூடான காற்று லேசானது, விசிறி அதைத் தள்ளிக் கிடைக்கும் தூக்குவிசை குறைவு. சென்னை அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடிக்கும்போதே, 15 டிகிரியில் இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைந்துவிடும். கீழே தீ எரிந்து அனல் தூண் போல எழும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். புகைக்குள் விமானிக்குக் கூரை விளிம்பே தெரியாது. அப்புறம் விசிறியின் கீழ்க்காற்று. அது புகையைக் கலைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மாடிக் கதவு திறந்திருந்தால் அதே காற்று புகையைப் படிக்கட்டு வழியாகக் கீழே, ஏறி வருபவர்கள் முகத்தில் தள்ளும்.

அந்தக் காற்றை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் உறவினர் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டுப் பொட்டலம் போட ஒரு ஹெலிகாப்டர் தாழ்ந்து வந்தது. முதலில் துணிக்கொடி அறுந்தது. அப்புறம் சின்டெக்ஸ் தொட்டியின் மூடி தட்டுப் போலச் சுழன்று எதிர்வீட்டுச் சுவரில் போய் மோதியது. பக்கத்து மாடியில் கோழிக்கூண்டுக்குப் போட்டிருந்த தகரம் படபடவென்று அடித்துக்கொண்டு எழுந்ததும் விமானி உடனே மேலே தூக்கிவிட்டார். அந்தத் தகரம் விசிறியில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது. அத்தை தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதே வெள்ளத்தில் ராமாபுரத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை விமானப்படை மாடியிலிருந்து கயிற்றில் தூக்கிக் காப்பாற்றியது, அவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஆக ஹெலிகாப்டரால் முடியாது என்பது இல்லை. வெள்ளத்தில் முடிகிற பல விஷயம் தீயில் முடியாது.

இன்னொன்று, ஹெலிகாப்டர் எங்கிருந்து வரும்? நம் தீயணைப்புத் துறையிடம் ஹெலிகாப்டர் கிடையாது. மீனம்பாக்கத்தில் கடலோரக் காவல்படை, தாம்பரத்தில் விமானப்படை, அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம். நீங்கள் 101 அடித்தால் வண்டி கிளம்பும். ஹெலிகாப்டர் அப்படிக் கிளம்பாது. மாவட்ட நிர்வாகம், அரசு வழியாகக் கோரிக்கை போய், ஆயத்தமாகி வர வேண்டும். அடுக்ககத் தீயில் உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களில் முடிவாகிவிடும்.

வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். உங்கள் கட்டடத்தில் ஒரு மாடிக்கு எட்டு வீடு, வீட்டுக்கு மூன்று பேர் என்றால் 900 பேர். பாதிப் பேர் மேலே போனாலும் 450. துருவில் ஒரு தடவைக்கு 12 பேர், ஏற்றி இறக்கித் திரும்பப் பத்து நிமிடம் என்று தாராளமாகப் போட்டாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சேத்தக் என்றால் ஐந்து பேர், 15 மணி நேரம். ஒன்றரை மீட்டர் அகலப் படிக்கட்டில் புகை இல்லாமல் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 பேர் இறங்கலாம். அப்படி இரண்டு படிக்கட்டு இருந்தால் அரை மணி நேரத்துக்குள் 900 பேரும் கீழே. இந்தக் கணக்கை நான் போகும் எல்லா அசோசியேஷன் கூட்டத்திலும் பலகையில் எழுதிக் காட்டுவேன். அதன் பிறகு கேள்வி எல்லாம் படிக்கட்டைப் பற்றியே வரும்.

மேலே ஓடுவதில் உள்ள பெரிய ஆபத்தை இன்னும் சொல்லவில்லை. கதவு. 2010-இல் கொல்கத்தாவின் ஸ்டீபன் கோர்ட் தீயில் 43 பேர் இறந்தார்கள். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்ததால் அதற்குப் போகும் படியிலேயே பலர் மூச்சுமுட்டிக் கிடந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் ஒன்பது பேர் இறந்தார்கள், அங்கேயும் வெளியேறும் வழி பூட்டிக் கிடந்தது. 2001-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் மேலே போனவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்த்தார்கள். 1993-இல் அங்கே குண்டு வெடித்தபோது மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் சிலரை மீட்டிருந்தார்கள் என்பது இதில் கூடுதல் வேதனை. லண்டன் கிரென்ஃபெல் டவரிலும், 2017-இல், ஹெலிகாப்டர் வரும் என்று நம்பி மேல் மாடிகளில் காத்திருந்தவர்கள் உண்டு. அங்கே 72 பேரை இழந்தார்கள்.

சென்ற ஆண்டு ஓர் அடுக்ககத்தில் தீ ஒத்திகை நடத்தினோம். 22 மாடி. மாடிக்கு ஏறும் கடைசிப் படியில் போய் நின்றால் கொண்டிப் பூட்டு, அதுவும் துருப்பிடித்து. செக்யூரிட்டியை வாக்கி டாக்கியில் கூப்பிட்டால் “சாவி செக்ரட்டரி சார் வீட்டுல இருக்குங்க” என்றார். செக்ரட்டரி அலுவலகம் போயிருந்தார். அவர் வீட்டில் மாற்றுச் சாவியைத் தேடி எடுத்து வந்து, எண்ணெய் விட்டுத் திறக்க 14 நிமிடம். பூட்டியதற்கு அவர்கள் சொன்ன காரணமும் நியாயமானதுதான்: குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள், விபத்து ஆகிவிடும். அதற்குத் தீர்வு பூட்டு இல்லை. ஃபயர் அலாரம் அடித்தால் தானாகத் திறந்துகொள்ளும் மின்காந்தப் பூட்டோ, அழுத்தினால் திறந்து சத்தம் போடும் கம்பியோ போடலாம். அந்த அசோசியேஷன் அடுத்த மாதமே மாற்றிவிட்டது.

சரி, அம்மா விஷயம். பயப்படாதீர்கள், 31-வது மாடி என்பதற்காக வீட்டை விட வேண்டியதில்லை. பின்வருவன இருக்கின்றனவா என்று மட்டும் தீர விசாரியுங்கள்.

தேசிய விதித்தொகுப்பின்படி 24 மீட்டரைத் தாண்டிய கட்டடங்களில் அடைக்கலப் பகுதி என்று ஒன்று வர வேண்டும். பிளானில் ‘ரெஃப்யூஜ் ஏரியா’ என்று குறித்திருப்பார்கள். தீயைத் தாங்கும் சுவரும் கதவும் உள்ள, வெளிக்காற்றுப் படும் இடம், ஆளுக்கு 0.3 சதுர மீட்டர் கணக்கில். படி இறங்க முடியாதவர்கள், இறங்கிக் களைத்தவர்கள் அங்கே போய்க் காத்திருக்கலாம். தீயணைப்பு வீரர்கள் முதலில் தேடி வரும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் நான் பார்த்த பல கட்டடங்களில் அது பழைய சோபா, சைக்கிள், பெயின்ட் டப்பா வைக்கும் இடமாகிவிட்டது. ஒன்றில் கிரில் போட்டு யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். உங்கள் மாடிக்கு மிக அருகில் அது எந்த மாடியில் இருக்கிறது என்று கேளுங்கள். மேலே இருப்பதைவிடக் கீழே ஒன்றிரண்டு மாடியில் இருந்தால் அம்மாவுக்கு வசதி.

அடுத்தது ஃபயர் லிஃப்ட். இதில் குறைந்தது எட்டு பேர், 545 கிலோ ஏற்றலாம், தரையிலிருந்து உச்சிக்கு ஒரு நிமிடத்தில் போக வேண்டும், மின்சாரம் போனாலும் ஜெனரேட்டரில் ஓட வேண்டும் என்பது விதி. முன்னால் புகை புகாத லாபி இருக்கும். தீயணைப்பு வீரர் சாவி போட்டுத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வார். அம்மாவைப் போன்றவர்களை இறக்குவது இதில்தான், அதுவும் அவர்கள் வந்த பிறகு. நீங்களாக ஏறிக்கொள்வதற்கு இல்லை.

படிக்கட்டில் காற்றழுத்தம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மின்விசிறி ஒன்று படிக்கட்டுக் கூண்டுக்குள் வெளிக்காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், உள்ளே வெளியைவிட 50 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாக இருக்கும், அதனால் கதவைத் திறந்தாலும் புகை உள்ளே வராது. சோதிக்கக் கருவி வேண்டாம். விசிறியை ஓடவிடச் சொல்லி, படிக்கட்டுக் கதவுக்கு வெளியே, லாபியில், ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவிடுக்கில் பிடியுங்கள். புகை உங்கள் பக்கமாகத் திரும்பி வந்தால் சரியாக வேலை செய்கிறது. படிக்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனால் அந்தப் படிக்கட்டை நம்ப முடியாது.

ஸ்பிரிங்க்ளர் வீட்டுக்குள்ளும் இருக்கிறதா, வெறும் காரிடாரில்தானா என்று கேளுங்கள். தலைப்பகுதியில் சிவப்புக் கண்ணாடிக் குப்பி இருந்தால் அது 68 டிகிரியில் உடையும். எந்த இடத்தில் சூடோ அந்தத் தலை மட்டும்தான் திறக்கும், வீடு முழுக்க நனைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். உள் அலங்காரம் செய்பவர் ஃபால்ஸ் சீலிங் போட அதை மூடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உச்சி மாடியில் உள்ள தண்ணீர் வால்வில் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து ஏணி வருமா என்றும் நினைத்திருப்பீர்கள். தமிழ்நாடு தீயணைப்புத் துறையிடம் 54 மீட்டர் ஏணி வண்டியும் 104 மீட்டர் ஏணி வண்டியும் உண்டு. 104 மீட்டர் உங்கள் மாடியைக் காகிதத்தில் எட்டும். ஆனால் அந்த வண்டி கட்டடத்தை ஒட்டி நின்று கால்களை விரித்து ஊன்ற இடம் வேண்டும். அதனால்தான் சுற்றுப்பாதை 45 டன் தாங்க வேண்டும், வளைவு 9 மீட்டர் ஆரத்தில் திரும்ப இடம் கொடுக்க வேண்டும் என்று விதி. 2017-இல் தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை எரிந்தபோது உயரம் பெரிய பிரச்சினையே இல்லை. நெருங்க இடமில்லாததும் உள்ளே நிறைந்த புகையும்தான் ஒரு நாளைக்கு மேல் அலைக்கழித்தன. உங்கள் அடுக்ககத்தின் சுற்றுப்பாதையில் பார்வையாளர் கார்களை நிறுத்தத் தொடங்கினால், குடிபோன முதல் மாதமே எழுந்து ஆட்சேபம் சொல்லுங்கள்.

ஹெலிபேடால் பயனே இல்லையா? இருக்கிறது. வெள்ளத்தில் ஓ.எம்.ஆர். துண்டிக்கப்பட்டால் நோயாளியைத் தூக்க உதவும். கீழ்த்தளத் தீ அடங்கி, மேலே சிலர் சிக்கியிருந்தால், காற்றும் புகையும் ஒத்துழைத்தால், உதவும். அப்படி ஒரு தளத்தை ஒழுங்காகக் கட்டி, அதன் மேல் செல்போன் டவரும் சோலார் தகடும் வைக்காமல் பராமரிக்கும் பில்டர் மற்ற விஷயத்திலும் ஒழுங்காக இருப்பார் என்று நம்ப எனக்குத் தோன்றும். கவலை எல்லாம், ஸ்பிரிங்க்ளருக்கும் காற்றழுத்த விசிறிக்கும் செலவழிக்க வேண்டிய அக்கறையை விளம்பரப் படத்தில் ஹெலிகாப்டர் வரைந்து ஈடுகட்டிவிடக் கூடாதே என்பதுதான்.

பில்டருக்கு மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்: ஹெலிபேட் எந்த ஹெலிகாப்டருக்கு வடிவமைத்தது, ‘டி’ மதிப்பு என்ன, எத்தனை டன், கட்டமைப்புப் பொறியாளர் கையொப்பமிட்ட சான்று இருக்கிறதா, பயன்பாட்டு அனுமதி வாங்கினார்களா, மாடிக் கதவு அலாரத்தில் தானாகத் திறக்குமா. கூடவே தீயணைப்புத் துறைச் சான்றின் நகல், அடைக்கலப் பகுதி குறித்த மாடி வரைபடம், ஃபயர் லிஃப்டும் படிக்கட்டு விசிறியும் சோதித்த அறிக்கை. ஹெலிபேட் பற்றிய முதல் ஐந்து கேள்விக்குப் பதில் வராவிட்டால்கூட நான் வீட்டை வாங்குவேன். பின்னால் கேட்ட மூன்றும் வராவிட்டால் வாங்க மாட்டேன்.

குடிபோனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டு வாசலிலிருந்து அடைக்கலப் பகுதி வரை ஒருமுறை அழைத்துப் போய்ப் பாருங்கள். இடையில் எத்தனை படி, எந்தக் கதவு கனமாக இருக்கிறது, அந்தக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாற்காலியைத் தள்ள முடிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் இளைஞர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பகலில் நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அம்மாவுக்கு முதலில் கை கொடுக்கப்போவது அவர்களாகத்தான் இருக்கும். செக்யூரிட்டி அறையில் 31-வது மாடியில் நடக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார் என்று வீட்டு எண்ணோடு எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தீயணைப்பு வண்டி வந்து நின்றதும் அதிகாரி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, உள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்பது.